கல்லீரலுக்கு மூலிகை: நம்பிக்கையும் கணக்கும்

ஆண்டுக்கு ஒருமுறை உடற்பரிசோதனை செய்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவலாகிவிட்டது. அலுவலகங்கள் அதற்கு ஏற்பாடு செய்கின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கின்றன. நாற்பதைக் கடந்தவர்கள் தாமாகவே சென்று செய்துகொள்கின்றனர். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், வயிற்று ஸ்கேன் முடிவுகளின் கீழ், 'கொழுப்புக் கல்லீரல், முதல் நிலை' என்றொரு வரி பலருக்கும் காத்திருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உணவு செரிக்கிறது, அலுவலும் தடையின்றி நடக்கிறது. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார். வீடு வந்து சேர்வதற்குள் உறவினரோ நண்பரோ ஒரு மூலிகைப் பொடியின் பெயரைச் சொல்லிவிடுகிறார்.

அந்தப் பொடியை வாங்கலாமா? இக்கேள்வி ஒரு சிலருக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து, தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ 38 சதவீதத்தினருக்குக் கொழுப்புக் கல்லீரல் உள்ளது. மத்திய அரசு 2021-இலேயே இந்நோயைத் தொற்றா நோய்கள் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. எனவே மூலிகைகளால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்று அறிந்துகொள்வது நம் எல்லோருக்கும் பயன் தரும்.

கருவூலம் நிரம்பி வழியும்போது

கல்லீரலை உடலின் கருவூலம் எனலாம். உணவிலிருந்து வரும் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்து வைத்து, இரவில் நாம் உறங்கும்போது சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுவது அதன் பணிகளுள் ஒன்று. இந்தச் சேமிப்புக்கு எல்லை உண்டு. ஏறத்தாழ 100 கிராம் சேர்ந்தவுடன் இடம் நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் வரும் சர்க்கரை கொழுப்பாக மாற்றப்படுகிறது. தோலுக்கடியிலுள்ள கொழுப்புத் திசுக்கள் அதை இயன்ற மட்டும் வாங்கிக்கொள்கின்றன. அவையும் நிறைந்த பின், கொழுப்பு தனக்குரிய இடமல்லாத தசைகளிலும் கல்லீரலிலும் தங்கத் தொடங்குகிறது. கல்லீரல் செல்களில் 5 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு படிந்திருந்தால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்று மருத்துவர்கள் வரையறுக்கின்றனர்.

கொழுப்பு படிந்த கல்லீரல், இன்சுலினின் கட்டளையைச் சரிவரக் கேட்பதில்லை. 'போதும், சர்க்கரையை வெளியே விடாதே' என்று இன்சுலின் உணர்த்தினாலும் அது விட்டுக்கொண்டே இருக்கிறது. இதனால் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலினோ கல்லீரலில் புதுக் கொழுப்பு உருவாவதைத் தூண்டுகிறது. இவ்வாறு கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பை வளர்க்க, இன்சுலின் எதிர்ப்பு கொழுப்பை வளர்க்கிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போன்றது இது.

எல்லோருக்கும் இது முற்றிவிடுவதில்லை. சிலருக்குக் கொழுப்போடு நின்றுவிடுகிறது. சிலருக்கு அழற்சியாகி, தழும்பு விழுந்து, ஈரல் சுருக்கம் வரை செல்கிறது. கொழுப்புக் கல்லீரல் உடையவர்களின் இறப்புக்கு முதற் காரணமாக இருப்பது இதய நோய் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. இந்நோய் கல்லீரலைக் கடந்து முழு உடலின் வளர்சிதை மாற்றத்தையும் தொட்டு நிற்பதால், 2023-இல் உலக மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடி, அந்தக் கோளாற்றைக் குறிக்கும் வகையில் இதன் பெயரையே மாற்றி அமைத்தன.

நம் நாட்டவருக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பார்வைக்கு மெலிந்திருப்பவர்களுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. ஆகவேதான் இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீடு 23-ஐத் தாண்டினாலே மிகை எடை என்றும், 25-ஐத் தாண்டினால் பருமன் என்றும் கொள்ளப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருப்பது நலம்.

பழைய நூல்கள் முதலில் கூறியது

மூலிகைகளை நாடுவோர் பெரும்பாலும் 'நம் முன்னோர் கூறியது' என்றே தொடங்குகின்றனர். முன்னோர் உண்மையில் என்ன கூறினர் என்று பார்ப்போம்.

சரக சம்ஹிதை, இகழ்ச்சிக்கும் இன்னலுக்கும் உள்ளாகும் எட்டு வகை உடலமைப்புகளுள் மிகு பருமனையும் ஒன்றாகச் சேர்த்துள்ளது. அளவுக்கு மீறிய உணவு, இனிப்பும் நெய்ப்பும் மிக்க பண்டங்கள், உடலுழைப்பின்மை, பகல் உறக்கம் ஆகியவற்றோடு, பெற்றோரிடமிருந்து வரும் இயல்பையும் அது காரணமாகக் காட்டுகிறது. சிகிச்சை கூறும்போது சீந்திலும் திரிபலையும் கோரைக்கிழங்கும் இடம் பெறுகின்றன. அவற்றோடு பார்லி போன்ற தானியங்களும் உழைப்பும் உறக்கக் குறைப்பும் இடம் பெறுகின்றன.

சுசுருத சம்ஹிதை இன்னும் வெளிப்படையானது. சர்க்கரை நோயை உள்ளடக்கிய பிரமேக நோய்களுக்கு மருந்துகளைக் கூறிய பின், மருந்து வாங்க வழியில்லாத ஏழைக்கு ஒரு சிகிச்சையை அது வகுத்துத் தருகிறது. செருப்பும் குடையும் இன்றி, இரந்துண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல், நூறு யோசனைத் தொலைவு நடந்து செல்ல வேண்டும் என்பதே அது. கிணறு வெட்டும் உழைப்பையும் அந்நூல் பரிந்துரைக்கிறது. ஆக, மூலிகையை மட்டும் உண்டு, இருந்த இடத்திலேயே இருந்து குணமடையலாம் என்று அந்த ஆசிரியர்கள் எங்கும் வாக்களிக்கவில்லை.

ஆய்வுக்கு உட்பட்ட மூலிகைகள்

இன்றைய ஆய்வுகள் சில மூலிகைகளுக்கு ஓரளவு ஆதரவாகவும் உள்ளன.

மரமஞ்சள்: இமயமலைப் பகுதியில் வளரும் இப்புதரின் பட்டையிலும் வேரிலும் பெர்பெரின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உள்ளது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 36 பேரிடம் சீனாவில் நடத்தி 2008-இல் வெளியிட்ட சிறு ஆய்வில், நாளொன்றுக்கு மும்முறை 500 மில்லிகிராம் பெர்பெரின் உண்டவர்களின் சர்க்கரை, மெட்ஃபார்மின் உண்டவர்களுக்கு இணையாகக் குறைந்தது. கொழுப்புக் கல்லீரல் உடைய 184 பேரிடம் ஷாங்காயில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் பெர்பெரினையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, அவ்விரண்டை மட்டும் கடைப்பிடித்தவர்களைவிடக் கல்லீரல் கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது. அங்கே அளிக்கப்பட்டது அளவு நிறுவப்பட்ட தூய பொருள். நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் பொடியில் பெர்பெரின் எவ்வளவு என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. தவிரவும், பெர்பெரின் பல மருந்துகள் உடலில் சிதைவதைத் தடுத்து அவற்றின் வேகத்தைக் கூட்டிவிடும். கருவுற்ற பெண்களும் பாலூட்டுவோரும் அதைத் தவிர்க்க வேண்டும்.

கடுகுரோகிணி: வட இந்தியாவில் 'குட்கி' எனப்படும் இக்கசப்பு வேர், இமயமலையில் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வளர்வது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இதிலிருந்து 'பிக்ரோலிவ்' என்னும் சாரத்தைப் பிரித்தெடுத்தது. பலவகை நச்சுப் பொருள்களால் கல்லீரலுக்கு நேரும் சேதத்தை இது தணிப்பது விலங்குச் சோதனைகளில் தெரியவந்தது. மனிதர்களின் கொழுப்புக் கல்லீரலில் இதன் பயனை உறுதி செய்யும் பெரிய ஆய்வுகள் இன்னும் குறைவே. வேருக்காகச் செடியையே அகழ்ந்தெடுப்பதால் இது அருகிவருகிறது; இதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அரிதாகும் பொருளில் கலப்படமும் மிகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெந்தயம்: ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இதைச் சர்க்கரை நோயாளிகளிடம் ஆராய்ந்து, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவதைக் கண்டனர். அதிலுள்ள கொழகொழப்பான நார்ப்பொருள், குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தைத் தணிக்கிறது. அந்த ஆய்வுகளில் பயன்பட்ட அளவு நாளொன்றுக்கு 25 கிராம் முதல் 100 கிராம் வரை. நாம் காலையில் ஊற வைத்து விழுங்கும் ஒரு கரண்டி வெந்தயம் அதில் சிறு பங்கே. தீங்கில்லாத நல்ல பழக்கம் என்ற அளவில் அதைத் தொடரலாம்.

சிறுகுறிஞ்சான்: இதன் இலையை மென்றால் நாவில் இனிப்புச் சுவை சிறிது நேரம் தெரியாது. 1990-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏற்கெனவே மாத்திரை உண்டுவந்த 22 சர்க்கரை நோயாளிகளுக்கு இதன் சாரத்தை நாள்தோறும் 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அளித்தனர். சர்க்கரை குறைந்தது, ஐவர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. ஊக்கம் தரும் முடிவுதான். ஆயினும் அதற்கு ஈடான போலி மருந்தை வேறொரு குழுவுக்குத் தந்து, யாருக்கு எது என்று அறியாமல் ஒப்பிட்ட ஆய்வு அன்று. இத்தகைய ஒப்பீடு இன்றியமையாதது. ஏனெனில், கொழுப்புக் கல்லீரல் ஆய்வுகளில் போலி மருந்து பெற்றவர்களிலும் கணிசமானோர் தேறிவிடுகின்றனர். கண்காணிப்பில் இருக்கிறோம் என்ற உணர்விலேயே மனிதர்கள் உணவைக் குறைத்து நடக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

கீழாநெல்லியைப் பலரும் கேட்பர். அதன் புகழ் மஞ்சள் காமாலையைச் சார்ந்தது. கல்லீரல் அழற்சி 'பி' வைரசுக்கு எதிராக அது பயன்படுவதாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதியது உலகின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதி செய்யவில்லை. கொழுப்புக் கல்லீரல் அதனின்றும் வேறான நோய். ஒரு நோய்க்குப் பெற்ற பெயரை மற்றொன்றுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

ஒரு மூலிகை எவ்வாறு நம்பத்தக்க மருந்தாகிறது என்பதற்கு மெட்ஃபார்மினே நல்ல சான்று. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்னும் பூண்டை அங்குள்ள நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்திவந்தனர். அதிலுள்ள வேதிப்பொருள் சர்க்கரையைக் குறைத்தது. உடலுக்கு நஞ்சாகவும் இருந்தது. அதன் உறவுப் பொருளாகிய மெட்ஃபார்மின் 1922-இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. பாரிசில் ஜான் ஸ்டேர்ன் என்னும் மருத்துவர் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்கு அளித்து முடிவுகளை வெளியிட்டது 1957-இல். இடைப்பட்ட 35 ஆண்டுகளும் அதற்குப் பின் நடந்த ஆய்வுகளுமே பூண்டிலிருந்து நஞ்சை நீக்கி நன்மையைப் பிரித்துத் தந்தன.

காக்க வேண்டிய உறுப்பே காயப்படும்போது

நாம் உண்ணும் மூலிகையின் சாரம் குடலிலிருந்து நேரே செல்லுமிடம் கல்லீரல். அதைப் பகுத்து, மாற்றி, வெளியேற்ற வேண்டிய பொறுப்பும் கல்லீரலுக்கே உரியது. ஏற்கெனவே சுமையேறிய உறுப்பின்மீது மற்றொரு சுமையை ஏற்றுகிறோம் என்ற எண்ணம் நமக்கு இருக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் வீடுதோறும் காய்ச்சப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் மும்பையில் மஞ்சள் காமாலையோடு வந்த ஆறு பேர் சீந்திலை உட்கொண்டவர்கள் என்று அங்குள்ள கல்லீரல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அடுத்து, நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரங்கள் வெளியாயின. உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்குவதற்கான அறிகுறிகள் அவர்களில் பலரிடம் காணப்பட்டன. ஆயுஷ் அமைச்சகம் இம்முடிவை ஏற்கவில்லை. உருவில் ஒத்த வேறொரு கொடி தவறாகப் பயன்பட்டிருக்கலாம் என்று சுட்டிக்காட்டியது. எது சரியாயினும் நமக்குரிய பாடம் ஒன்றே. வாங்கியது எந்தக் கொடி என்பதையே உறுதியாகக் கூற முடியாதபோது, அதன் பாதுகாப்பை எவ்வாறு உறுதி கூறுவது?

மஞ்சளும் இவ்வாறே. குழம்பில் இடும் மஞ்சள் வேறு. மாத்திரையில் அடைக்கப்பட்ட குர்க்குமின் வேறு. குர்க்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. அதனுடன் மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் உறிஞ்சப்படும் அளவு 2,000 சதவீதம் உயர்வதை 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினர். அதன்பின் உலகெங்கும் மிளகு சேர்ந்த மஞ்சள் மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. சில ஆய்வுகளில் குர்க்குமின் கல்லீரல் கொழுப்பைச் சற்றுக் குறைத்ததும் உண்மை. ஆனால் 2022-இல் அமெரிக்க மருத்துவர்கள் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் சேதமுற்ற பத்துப் பேரின் விவரங்களை வெளியிட்டனர்; அவர்களுள் ஒருவர் இறந்தார். பத்தில் எழுவரிடம் ஒரே வகையான மரபணுக் கூறு காணப்பட்டது. அக்கூறு தம்மிடம் உள்ளதா என்பது நம்மில் எவருக்கும் தெரியாது.

எடை குறைப்புக்கென விற்கப்படும் பச்சைத் தேயிலைச் சாரமும் கொடம்புளிச் சாரமும் கல்லீரல் சேதத்துக்குப் பெயர் பெற்றவை. கோப்பையில் அருந்தும் தேநீரும் மீன் குழம்பில் இடும் கொடம்புளியும் இக்குற்றச்சாட்டுக்கு ஆளானவை அல்ல. இலவங்கப்பட்டையிலும் வகை உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த காசியாப் பட்டையில் கூமரின் மிகுதி. நாள்தோறும் அதைக் கரண்டிக் கணக்கில் உண்டால் கல்லீரலுக்குத் தீங்கு. சமையலில் சுவைக்காகச் சேர்ப்பதற்கும் மருந்தென அளவின்றி உண்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை நாம் உணர வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மூலிகை மருந்தை எடுத்துக்கொள்வதாக முடிவு செய்தால், பட்டம் பெற்றுப் பதிவு செய்த ஆயுர்வேத, சித்த அல்லது யுனானி மருத்துவரிடம் நேரில் காட்டிப் பெறுங்கள். உறையின்மேல் ஆயுஷ் மருந்து உரிம எண், உட்பொருள்களின் பெயர், அளவு, காலாவதி நாள் ஆகியன இருக்கின்றனவா என்று பாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மட்டும் இருந்தால் அது உணவுப் பொருளே, மருந்தன்று. சர்க்கரை நோயையும் உடற்பருமனையும் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அத்தகைய விளம்பரத்தைக் கண்டாலே அப்பொருளை விலக்கிவிடலாம்.

பெயரில்லாப் பொடிகளையும் இணையவழிப் பொட்டலங்களையும் தவிருங்கள். இணையத்தில் வாங்கப்பட்ட 193 ஆயுர்வேதப் பொருள்களை அமெரிக்காவில் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்ததாக 2008-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

தொடங்குமுன் ஒருமுறையும், நான்கு முதல் ஆறு வாரங்களில் மறுமுறையும் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்ந்த நிறமாதல், அரிப்பு, பசியின்மை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மருந்தை உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உறையையும் உடன் கொண்டு செல்லுங்கள். உண்ணும் மூலிகை எதுவாயினும் உங்கள் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். காப்பீட்டு விண்ணப்பத்திலும் கொழுப்புக் கல்லீரலை மறைக்க வேண்டாம். 2024 முதல், முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளே. மறைத்தது பின்னர் வெளிப்பட்டால் கோரிக்கை மறுக்கப்படக்கூடும்.

ஒரு சிறு கணக்கு

கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்பதை வீட்டிலேயே ஓரளவு கணிக்க, 'ஃபிப்-4' என்னும் சூத்திரம் உள்ளது. வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்குக. தட்டணுக்களின் எண்ணிக்கையை ஆயிரத்தில் எழுதி, அதை எஸ்.ஜி.பி.டி. அளவின் வர்க்கமூலத்தால் பெருக்குக. முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். சான்றாக, வயது 49, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணுக்கள் 2 இலட்சம் எனக் கொள்வோம். 49 × 40 = 1,960. இரண்டு இலட்சம் என்பது 200 ஆயிரம்; 49-இன் வர்க்கமூலம் 7; ஆக 200 × 7 = 1,400. வகுத்தால் 1.4. விடை 1.3-க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. அதற்கு மேல் இருந்தால் கல்லீரல் விறைப்பை அளக்கும் ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கு இவ்வெல்லை 2.0.

இனி எடையின் கணக்கு. கியூபாவில் அழற்சியுற்ற கொழுப்புக் கல்லீரல் உடைய 293 பேரை ஓராண்டு உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் வைத்து, முன்னும் பின்னும் கல்லீரல் திசுவை எடுத்து ஆராய்ந்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அழற்சி நீங்கியது. 45 சதவீதத்தினருக்குத் தழும்பே பின்வாங்கியது. மேலே கூறிய மூலிகை எதற்கும் இதற்கு ஈடான சான்று இல்லை.

ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் கூறுகிறது. 5 சதவீதமேனும் எடை குறைக்க முடிந்தவர்கள் பத்தில் மூவர் மட்டுமே. எஞ்சிய எழுவரின் நிலையில் நாம் இருக்கும்போதுதான் மூலிகைப் பொடி கவர்ச்சியாகத் தோன்றுகிறது. அதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. எடை குறைப்பது கடினம். பொடியை விழுங்குவது எளிது. ஆகவே இலக்கைச் சிறிதாக்கிக்கொள்வதே நன்று. 80 கிலோ எடையுள்ளவருக்கு 5 சதவீதம் என்பது 4 கிலோ. அந்த அளவிலேயே கல்லீரலின் கொழுப்பு கரையத் தொடங்குகிறது. வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் குறைத்தால் இரண்டு மாதம் போதும். இனிப்புப் பானங்களையும் பழச்சாற்றையும் நிறுத்துவது, இரவு உணவில் சோற்றையும் ரொட்டியையும் குறைத்துப் பருப்பையும் காய்களையும் கூட்டுவது, வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்து நடப்பது ஆகிய மூன்றும் அதற்குத் துணை செய்யும். சர்க்கரை சேர்க்காத காபி அருந்துவோருக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன என்பது காபிப் பிரியர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி.

இவற்றையெல்லாம் கடைப்பிடித்துக்கொண்டே, மருத்துவர் அறிய, தரமான ஒரு மூலிகையையும் துணையாகக் கொள்ள விரும்புவோர் கொள்ளலாம். நூறு யோசனை நடக்கச் சொன்ன நூலும் மூலிகைகளை அறிந்த நூலே. நமக்கு நூறு யோசனை வேண்டாம். நாளை காலை அரை மணி நேர நடை போதும். ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒரு பரிசோதனை செய்து, பழைய அறிக்கையோடு புதியதை ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் எடுத்துக்கொண்ட முயற்சிக்குக் கிடைத்த வரவு எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும்.